‘ஆகட்டுங்க’ என்று எழுத முடியாது

நீங்கள் எல்லோரும் கெட்டிக்காரர்கள். வேலையில் சேர்ந்த சூட்டோடு, பேங்க் கடனுக்கு வைக்கிற ஒரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுகிறீர்களாம். ஏற்கெனவே யாருக்கோ செய்ததைத் திறந்து, பெயரையும் ஊரையும் மாற்றி, தொகைகளைக் கொஞ்சம் ஏற்றி இறக்கி, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கையில் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. வந்த பார்ட்டிக்கும் சந்தோஷம், பேங்க்காரருக்கும் சந்தோஷம். ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருந்தவளைப் பேசக் கூப்பிட்டீர்கள் அல்லவா, அந்தச் சந்தோஷத்தைக் கொஞ்சம் கெடுத்துவிட்டுத்தான் போவேன்.

முதலில் ஒரு கோழிக் கதை. நான் தொழில் பழகிய காலத்தில், எங்கள் ஆபீசுக்குப் பக்கத்துக் கட்டடத்தில் ஒருவர் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். உங்களை விட வேகம். பல்லடத்துக் கோழிப்பண்ணை ஒன்றுக்குப் போட்ட ரிப்போர்ட்டை எடுத்து, பெயரை மாற்றி, அச்சகம் ஆரம்பிக்கப்போன ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். அந்த அச்சகக்காரரை எனக்கும் தெரியும், நல்ல மனுஷன். பேங்கில் மேனேஜர் நாலு பக்கம் புரட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்துக் கேட்டாராம்: “ஏனுங்க, உங்க பிரஸ்ல கோழிக்குஞ்சு எதுக்குங்க சாகுது?”

அச்சகக்காரர் சளைக்கவில்லை. “அதெல்லாம் ரிப்போர்ட் போட்டவருக்குத் தெரியுமுங்க” என்று சொல்லியிருக்கிறார். கடன் கிடைத்ததா என்று கேட்காதீர்கள். திருத்திக் கொடுத்ததும் கிடைத்தது. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை. குஞ்சு செத்தது பெரிய விஷயமில்லை. தன் வாழ்க்கையையே கொண்டுபோய் வைக்கிற தொழிலைப் பற்றிய காகிதத்தை அந்த மனுஷன் ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை. பேங்குக்கு வேண்டிய காகிதம், நமக்கு எதற்கு என்று விட்டுவிட்டார். நம் ஊரில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள். நீங்களும் அப்படியே நினைத்தால் இந்த வேலைக்கு நீங்கள் தேவையில்லை, ஜெராக்ஸ் மிஷின் போதும்.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த ஆடிட்டர் அதிகம் பேசமாட்டார். ஒரு தடவை மட்டும் சொன்னார்: “தொழில் பண்றவங்க ஒருத்தருகிட்ட ஒருத்தர் எதைக் கேக்கக் கூச்சப்படறாங்கன்னு பாருங்க அம்மணி. அதை எழுத வையுங்க. மத்ததெல்லாம் டைப்பிங்.” கேட்டபோது அது எனக்குப் பெரிதாகப் புரியவில்லை. ஜமால் பாயும் வெள்ளியங்கிரி அண்ணனும் எங்கள் ஆபீஸ் மாடிப்படி ஏறி வந்த பிறகுதான் முழுசாகப் புரிந்தது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு நடந்தது இது. ஜமால் பாய்க்குக் கோயமுத்தூர் டவுனில் பழைய தெரு ஒன்றில் மசாலா சாமான் கடை. அவருடைய அப்பா, அவர் வாயில் அத்தா, ஆரம்பித்த கடை. இடம் வாடகைதான், ஆனால் அந்தத் தெருவில் ஒரு தடவை கடையைக் கைமாற்றி விட்டால் மறுபடி கால் வைக்க முடியாது. வெள்ளியங்கிரி அண்ணன் காரமடைப் பக்கம் கறிவேப்பிலை விவசாயம். அவர் தோட்டத்து இலை பாய் மூலமாகத்தான் ஹோட்டல்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் போய்க்கொண்டிருந்தது. வியாபாரத்துக்கு மேலே ஒரு பழக்கம் அவர்களுக்குள். ஒருவர் வீட்டு விசேஷத்தில் மற்றவர்தான் பந்தியில் நின்று விசாரிப்பார்.

இரண்டு பேரும் சேர்ந்து வெள்ளியங்கிரி தோட்டத்திலேயே இலையை உலர்த்தி அனுப்பும் யூனிட் ஒன்று போடப்போகிறார்கள். மசாலாப் பொடி தயாரிக்கும் கம்பெனி ஒன்று, வருஷம் முழுக்க ஒரே விலைக்கு உலர்ந்த இலையை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. நல்ல வாய்ப்பு. பேங்கும் ஏறக்குறைய சம்மதித்துவிட்டது. ரிப்போர்ட் ஒன்றுதான் பாக்கி.

“ஏனுங்க அம்மணி, ஒரு பேருக்குப் போட்டுக் குடுங்க போதும். திங்கக்கெழமை பேங்குல வெக்கோணும்” என்றார் பாய். அவருக்கு எப்போதும் சிரித்த முகம்.

டீ வந்தது. நான் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டுக்கொண்டே வந்தேன். யூனிட்டில் தினமும் உட்காரப்போவது யார்? பாய்தான் என்றார். அப்படியானால் கடையை யார் பார்ப்பார்கள்?

“கடைய குடுத்துப்போடறேனுங்க. பார்ட்டி ரெடி. வெள்ளிக்கெழமை ஜும்மா முடிஞ்சு வர்றாங்க, சாவிய குடுத்தர்றேன். என்ற பங்குப் பணத்துக்கு வேற எங்கீங்க போறது?”

வெள்ளியங்கிரி அண்ணன் வாய்க்குக் கொண்டுபோன டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டார். நான் அதைக் கவனித்தேன். பாய் கவனிக்கவில்லை.

அடுத்தது இலை விலை. “வருசம் பூரா ஒரே ரேட்டுங்க. அண்ணங்கிட்ட போன வாரமே பேசிட்டனுங்க” என்றார் பாய். நான் வெள்ளியங்கிரி பக்கம் திரும்பி, “அப்படிங்களாண்ணா?” என்றேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு சொன்னார்:

“ஆகட்டுங்க.”

உங்களில் வெளியூர்க்காரர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்காக இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் ‘ஆகட்டுங்க’ என்றால் சம்மதம் என்று அர்த்தம். நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்றும் அர்த்தம். பேச்சு போதும், நான் கிளம்புகிறேன் என்றும் அர்த்தம். செத்தாலும் முடியாது, ஆனால் உங்கள் முகத்துக்கு நேரே அதை எப்படிச் சொல்வேன் என்றும் அர்த்தம். நாலும் ஒரே சொல். குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நமக்கு வேண்டிய பதிலை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும்போது குரலாவது ஒன்றாவது! எல்லா ‘ஆகட்டுங்க’வும் சம்மதமாகத்தான் கேட்கும். இரண்டாம் முறை அழுத்திக் கேட்பதும் இங்கே மரியாதை இல்லை. நம்பாத மாதிரி ஆகிவிடும்.

நான் விடவில்லை. “தை மாசத்துலயும் அதே ரேட்டுங்களாண்ணா?” என்று கேட்டேன். பனிக்காலத்தில் கறிவேப்பிலை தழையாது. வரத்து குறையும். அதே சமயம் முகூர்த்தம் வரிசையாக வரும். மார்க்கெட்டில் விலை கேட்டால் தலை சுற்றும். இது காரமடையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

“பாத்துக்கலாங்க அம்மணி” என்றார் வெள்ளியங்கிரி.

“அதெல்லாம் அண்ணன் பாத்துக்குவாருங்க” என்று பாய் சிரித்தார்.

எனக்கு விளங்கிவிட்டது. வருஷம் முழுக்க ஒரே விலைக்குக் கம்பெனியிடம் வாக்குக் கொடுத்துவிட்டு, தை மாதம் இலை வராமல் போனால் பாய் எங்கே போய் நிற்பார்? கடையும் கையில் இருக்காது. திரும்பிப் போக அந்தத் தெருவில் இடமும் இருக்காது. அறுபதைத் தொடுகிற வயது.

உங்களில் ஒருவர் அந்த நாற்காலியில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? ‘வெள்ளியங்கிரி அண்ணனுக்கு இதில் சம்மதமில்லை போலிருக்கே’ என்று நான் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அவர் பதறிப்போய், “சேச்சே, அப்படியெல்லாம் இல்லீங்க” என்றிருப்பார். அதோடு அவர் வாய்க்குப் பூட்டுப் போட்ட மாதிரி. பாயைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் அது கோள் சொல்வது. ஒன்றும் சொல்லாமல் ஒரே விலையைப் போட்டுப் பன்னிரண்டு மாதத்துக்கும் கணக்கை இழுத்துவிட்டால் ரிப்போர்ட் அழகாக வரும். திங்கட்கிழமைக்குள் கொடுக்கவும் செய்யலாம். எனக்குக் கூலியும் வந்துவிடும். நேரம் வேறு ஓடிக்கொண்டிருந்தது. அன்று புதன்கிழமை, இடையில் ஒரே நாள்தான், வெள்ளிக்கிழமை பாய் சாவியைக் கொடுத்துவிடுவார்.

ஒரு வெள்ளைத்தாளை எடுத்தேன். ‘தை மாதம் மார்க்கெட் விலை இரண்டு மடங்கு ஆனால், யூனிட்டுக்கு என்ன விலைக்கு இலை கொடுக்கப்படும்?’ என்று எழுதி, கீழே ஒரு கோடு போட்டு, வெள்ளியங்கிரி முன்னால் வைத்தேன். “உங்க கையாலயே எழுதிக் குடுத்துருங்கண்ணா” என்றேன்.

பாய்க்கு முகம் சிவந்துவிட்டது. சிரித்த முகம் அப்படி மாறும் என்று நான் நினைக்கவில்லை. “என்னங்க அம்மணி இது? எங்களுக்குள்ள எழுத்து எதுக்குங்க? பங்காளிங்க அடிச்சுக்கிட்டு பாகம் பிரிக்கறப்பதானுங்க எழுதி வாங்குவாங்க. நான் அண்ணங்கிட்ட எழுதி வாங்கறதுங்களா? வெளிய தெரிஞ்சா காறித் துப்புவாங்க!”

அவர் சொன்னது பொய் இல்லை. இந்தப் பக்கத்தில் எழுத்து என்றாலே சண்டை வந்துவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். சண்டை வருவதற்கு முன்னால் எழுதுவது என்ற வழக்கமே கிடையாது. நம் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

“நான் கேக்கலீங்க பாய். பேங்க் கேக்குது” என்றேன்.

பேங்க் அப்படி ஒன்றும் கேட்கவில்லை. எந்த பேங்க் கறிவேப்பிலையின் தை மாதத்து விலையை விசாரித்திருக்கிறது? ஆனால் கேட்பது காகிதம் என்று ஆகிவிட்டால் யாருக்கும் மரியாதைக் குறைச்சல் இல்லை. கூச்சமில்லாமல் பதில் சொல்லலாம். திட்டத்தை எழுத வேண்டும் என்று நான் அடித்துக்கொள்வதற்குப் பெரிய காரணம் இதுதான். தொகையெல்லாம் அப்புறம்.

பாய் முனகிக்கொண்டே அடங்கினார். வெள்ளியங்கிரி பேனாவைக் கையில் எடுத்தார். எழுதவில்லை. கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, ரொம்பப் பணிவாகக் கேட்டார்:

“ஆகட்டுங்கன்னு எழுதிப்போடட்டுங்களா?”

“அப்படி எழுத முடியாதுங்கண்ணா.”

நான் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவரும் சிரித்துத் தப்பித்திருப்பார். மறுபடி தாளைப் பார்த்தார். நெற்றியில் வேர்த்தது. பேனாவை மெதுவாக மேஜையில் வைத்துவிட்டு, பாயைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துச் சொன்னார்:

“முடியாதுங்க பாய்.”

பாய்க்கு முதலில் புரியவே இல்லை. “என்னதுங்கண்ணா?”

“தை மாசம் அந்த ரேட்டுக்குக் குடுக்க முடியாதுங்க. அந்த ரெண்டு மாச வெலையிலதானுங்க தோட்டத்துச் செலவு பூரா ஓடுது. அதையும் விட்டுப்போட்டா ஊட்டுல அடுப்பெரியாதுங்க.”

“போன வாரம் கேட்டப்ப ஆகட்டுங்கன்னீங்களே!”

“ஆமாங்க. மூஞ்சிக்கு நேரா எப்புடிங்க இல்லைங்கறது? அதுவுமில்லாம, நீங்க கடைய வெச்சுக்குவீங்கன்னு நெனச்சனுங்க. பனிக்காலத்துல யூனிட்ட பூட்டிப்போட்டு நீங்க கடைக்குப் போயிருவீங்க, நான் மார்க்கெட்டுக்குப் போயிருவேன்னு. அட கெரகமே, அத்தா கடையக் குடுக்கப்போறீங்கன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா எங்கிட்ட? இப்பத்தானுங்க, இந்த அம்மணி கேக்கவும் தெரிஞ்சுது!”

“சொன்னா வேண்டாம்பீங்க. உங்களுக்கு எதுக்குங்க அந்த வருத்தம்னு...”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நோகடிக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து, ஆளுக்கொரு தொழிலை மனசுக்குள் ஆரம்பித்து வைத்திருந்தார்கள். ஒருவர் மனசில் வருஷம் முழுக்க ஓடுகிற யூனிட். இன்னொருவர் மனசில் பனிக்காலத்தில் பூட்டுகிற யூனிட். பெயர் மட்டும் ஒன்று.

பாய் எழுந்தார். “வாரேனுங்க அம்மணி” என்று என்னிடம் சொன்னார். வெள்ளியங்கிரியிடம் ஒன்றும் சொல்லவில்லை. படியிறங்குகிற சத்தம் கேட்டது.

வெள்ளியங்கிரி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். கண் கலங்கிவிட்டது. “கெடுத்துப்போட்டீங்களே அம்மணி. இத்தன வருசத்துல அவருகிட்ட நான் இல்லைன்னு சொன்னதே இல்லீங்க” என்றார். சரியானதைத்தான் செய்தேன் என்று புத்தி சொன்னது. ஆனால் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் டீ டம்ளர்களை எடுத்து ஓரமாக வைத்தேன். சரியான முடிவு எடுத்தால் மனசு நிம்மதியாக இருக்கும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அன்று மாலைக்குள் வெள்ளியங்கிரி பலமுறை பாய்க்குப் போன் அடித்துப் பார்த்திருக்கிறார். எடுக்கவில்லை.

என் கவலை வேறு. கோபத்திலோ ரோஷத்திலோ பாய் எப்படியும் கடையைக் கொடுத்துவிடுவார் என்று பட்டது. வாங்குகிற பார்ட்டிக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. வாக்குக் கொடுத்துவிட்டு ‘இல்லை’ என்று சொல்ல அவராலும் முடியாது. இந்த விஷயத்தில் இரண்டு பேரும் ஒரே ரகம்தான். வெள்ளிக்கிழமை முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. போன் செய்து கேட்கவும் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் திறந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து வந்து நின்றார்கள். நான் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டேன்.

“எழுதலாமுங்க” என்றார் பாய். “எங்கிருந்து ஆரம்பிக்கோணும்?”

“என்னென்ன முடியாதுங்கறதுல இருந்து ஆரம்பிக்கலாமுங்க” என்றேன்.

மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்தோம். அப்படி ஒரு சண்டையை நான் பார்த்ததில்லை. அது முடியாதுங்க, இது ஒத்து வராதுங்க, அந்தச் சோலியே வேண்டாமுங்க என்று இரண்டு பேரும் வாய் ஓயாமல் சொன்னார்கள். அத்தனைக்கும் ‘ங்க’ போடத் தவறவில்லை. இலை உலர்த்துகிற ட்ரையர் சின்னதாகப் போதும், அதற்கான பங்கைப் பாய் கைக்காசிலேயே போட்டுவிடலாம் என்று ஆயிற்று. இலை மலிந்து கிடக்கிற மாதங்களில் மட்டும் யூனிட் ஓடும். கம்பெனியிடம் போய், பனிக்காலத்தில் சரக்கு வராது என்று முன்கூட்டியே பாய் சொல்வார். அவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் வேறு ஆள் தேடுவார். தோட்டத்தில் தினமும் உட்கார வெள்ளியங்கிரியின் மருமகள் இருக்கிறாள், படித்த பெண். அவளிடம் இதுவரை யாரும் கேட்கவே இல்லையாம். பேங்க் தேதியைத் தள்ளிப் போடச் சொன்னோம். பேங்க்காரருக்குக் கொஞ்சம் மனஸ்தாபம். இருக்கட்டும்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். பெரிய கம்பெனியில் இப்படிக் கேள்வி கேட்டுச் சண்டை போடுவதற்கென்றே சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருப்பார்கள். இரண்டு பேர் சேர்ந்து நடத்துகிற சின்னத் தொழிலில் யார் வைப்பார்கள்? மச்சானும் மாப்பிள்ளையும், பழகின சிநேகிதர்களும், புருஷன் பெண்டாட்டியும் நடத்துகிற தொழில்கள் அவை. ஒருவரை ஒருவர் கேட்கவே மாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும். வந்தவர் கோபித்துக்கொண்டு படியிறங்கிப் போனாலும் கேட்க வேண்டும். அதற்குப் பயமாக இருந்தால் பழையபடி பெயரை மாற்றி ஸ்பைரல் போட்டுக் கொடுங்கள், யாரும் உங்களைக் குறை சொல்லப் போவதில்லை.

பிரிண்ட் வந்துகொண்டிருந்தபோதுதான் வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று கேட்டேன். பாய்தான் சொன்னார்.

“காலையில கடையத் தொறக்கறேன், இவரு வந்து மொளகா மூட்டை மேல உக்காந்துட்டாருங்க. நான் பேசல. இவரும் பேசல. ஜும்மாவுக்குப் போயிட்டு வாரேன், அப்பவும் அங்கியே இருக்காரு. பார்ட்டி வந்தாங்க. வாங்க உக்காருங்கன்னு டீ சொன்னேன். இல்லீங்க, கடை குடுக்கலைன்னு சொல்லோணும், வாய் வரமாட்டேங்குது. சொன்ன சொல்லு இருக்குதுல்லீங்க. சாவிய மேசை மேல எடுத்து வெச்சுப்போட்டேன். அப்ப இவரு எந்திரிச்சு வந்து அந்தச் சாவிய எடுத்து மடியில கட்டிக்கிட்டாருங்க. ‘கடை குடுக்கறதுக்கில்லீங்க, கோவிச்சுக்காதீங்க’ன்னுட்டாரு. வந்தவருக்கு ஒண்ணும் புரியல. ‘நடுவுல நீங்க யாருங்க?’ன்னு கேட்டாரு.”

பாய் பேச்சை நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இவரு என்ன சொன்னாருங்க?” என்றேன்.

வெள்ளியங்கிரி அண்ணன் தரையைப் பார்த்தபடி, அவரே பதில் சொன்னார்:

“பார்ட்னருன்னு சொன்னனுங்க.”